ஒரு புள்ளிக்காகக் குனிந்தேன்: லேசர் இயந்திரமும் தவறான கண்ணாடியும்

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகள் நெருங்கியிருக்கும் ஒரு தெருவில் எங்களுக்குச் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பாத்திரம் விற்பதில்லை, பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பதுதான் தொழில். அப்பா முதலில் உளியாலும், பிறகு தட்டித் தட்டிப் புள்ளி வைக்கும் மின்சாரக் கருவியாலும் இந்த வேலையைச் செய்தவர். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபின் கடை என்னிடம் வந்தது. 2019இல் மரத்திலும் அக்ரிலிக்கிலும் பெயர்ப்பலகை வெட்டுவதற்காக 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரம் ஒன்று வாங்கினேன். அது எவர்சில்வரில் எழுதாது என்பதால், 2022இல் கடன் வாங்கி 20 வாட் ஃபைபர் லேசர் இயந்திரத்தையும் கொண்டுவந்து வைத்தேன். அப்பா அரை நாள் உட்கார்ந்து வெட்டும் பெயரை இது பத்து விநாடியில் எழுதிவிடும். அடுத்த ஆண்டு ஆவணி மாதத்தில், இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் இடையில் ஒரு கண்ணாடியை மாற்றிப் போட்டதால் என் இடக்கண்ணின் நடுப்பார்வையில் ஒரு பகுதியை இழந்தேன். அப்போது என் முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இயந்திரம் மூடியுள்ள பெட்டி. அதன் ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. சாதாரணத் தெளிவான அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் அதை விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் அதன் மூடியில் அக்ரிலிக் ஜன்னல் இருக்கிறது, அதனுடன் வந்த கண்ணாடியும் நிறமில்லாமல் பளிச்சென்று இருந்தது. மூன்று ஆண்டுகள் அதைப் போட்டுப் பழகியதால், லேசருக்கான கண்ணாடி என்றால் இதுதான் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. இரண்டாவது இயந்திரத்துக்குப் பெட்டியே கிடையாது. ஒரு மேசை, ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒளியை அங்குமிங்கும் திருப்பும் தலை, கீழே திறந்த வெளியில் பாத்திரம், அவ்வளவுதான். அதன் ஒளி 1064 நானோமீட்டர். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் இரண்டும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது: மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது 1964இல், என் ஃபைபர் இயந்திரத்தைப் போலவே 1064 நானோமீட்டர் ஒளி தரும் என்டி யாக் என்ற படிக லேசரும் அதே ஆண்டு அதே ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. ஒரே வீட்டில் பிறந்தவை என்றாலும் கண்ணிடம் அவை நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. முதலாவது விழியின் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு அங்கே சுடும். அது வலிக்கும், எச்சரிக்கும். இரண்டாவது கண்ணுக்குள் தடையின்றி நுழைந்து, விழிவில்லையால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் போய் இறங்கும். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான எல்லா ஒளிக்கும் இது பொருந்தும். கண்ணுக்குள் குவியும்போது அதன் செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமையும் மூடாது.

ஃபைபர் இயந்திரத்துடனும் ஒரு கண்ணாடி இலவசமாக வந்தது. பச்சை நிறம், ரப்பர் பட்டை, அதில் ஒட்டியிருந்த தாளில் 200 முதல் 2000 நானோமீட்டர் வரை பாதுகாப்பு, ஓ.டி. 4க்கு மேல் என்று எழுதியிருந்தது. ஓ.டி. என்பது கண்ணாடி ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. எண்கள் பெரிதாக இருந்ததால் நல்ல கண்ணாடி என்று நம்பினேன். இன்று அந்தத் தாளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. மனிதக் கண் பார்க்கும் ஒளி முழுவதும் சுமார் 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 200 முதல் 2000 வரை அனைத்தையும் ஒரு கண்ணாடி உண்மையாகவே தடுத்தால், அதைப் போட்டவருக்கு எதிரே இருக்கும் சுவர்கூடத் தெரியக் கூடாது. அதன் வழியாகக் கடையை என்னால் பார்க்க முடிந்தது என்பதே அந்தத் தாள் பொய் சொல்கிறது என்பதற்குச் சாட்சி. கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பச்சைக் கண்ணாடியை நான் தொடர்ந்து அணியவும் இல்லை. எழுத்து எங்கே விழும் என்று காட்டுவதற்காக இயந்திரம் ஒரு சிறு சிவப்பு ஒளியைப் பாத்திரத்தின் மீது ஓட்டிக் காட்டும். பச்சை நிறம் சிவப்பை மங்கச் செய்துவிடுவதால் அந்த ஓட்டம் எனக்குத் தெரியவில்லை. இடம் பார்க்கக் கழற்றுவது, எழுதும்போது மாட்டுவது என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய தெளிவான கண்ணாடியையே எடுத்து மாட்டிக்கொண்டேன். அதிலும் லேசர் என்று அச்சிட்டிருந்தது. இதைப் படிப்பவர்களில் சிலராவது இதையே செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கும் பாதுகாப்புக் கருவியை மனிதர்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். எனவே கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை அது உள்ளே விடுகிறது என்ற எண்ணையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அன்று இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஆவணி முகூர்த்தம் நெருங்கியதால் சீர்ப் பாத்திரங்கள் கடை முழுவதும் குவிந்து கிடந்தன. பெரிய தாம்பாளம் ஒன்றின் உள்விளிம்பில் மணமகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். விளிம்பு சரிவாக இருந்ததால் ஒரு ரப்பர் துண்டை அண்டக் கொடுத்து மட்டமாக்கியிருந்தேன். தமிழ்ப் பெயர் வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு, அது புள்ளி. மெய்யெழுத்தின் மேல் புள்ளி விழவில்லை என்றால் பெயரே வேறாகிவிடும், கல்யாண வீட்டார் பாத்திரத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். 'ள்' என்ற எழுத்தின் மீது புள்ளி சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, இயந்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் தூரத்துக்குக் குனிந்தேன். ரப்பர் துண்டு நழுவியது. தாம்பாளம் என் பக்கம் சாய்ந்தது. கண்ணுக்குள் ஏதோ பட்டென்று வெடித்தது போன்ற ஓர் ஓசை, ஒரு வெண்ணிற மின்னல், பிறகு எதுவும் இல்லை. வலியும் இல்லை. இடக்கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் நிறத் திட்டு மட்டும் நின்றது. கேமரா ஃபிளாஷைப் பார்த்தபின் நிற்குமே, அதுபோல் என்று எண்ணிக்கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: மீதமிருந்த நான்கு பாத்திரங்களையும் முடித்துவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் நாள்காட்டியைப் பார்த்தேன். வலக்கண்ணால் பார்த்தால் தேதி தெரிந்தது. இடக்கண்ணால் பார்த்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை, அதைச் சுற்றியிருந்த கோடுகள் வளைந்து நெளிந்தன. அப்போதே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கச் சொன்னேன். எந்த வில்லையைப் போட்டாலும் கறை நகராததைக் கண்ட அந்தக் கடைக்காரர்தான், உடனே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான்காம் நாள் திருச்சிக்குப் போனேன். கண்ணில் மருந்திட்டுப் பாவையை விரித்துப் பார்த்து, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. படம் எடுத்தார்கள். விழித்திரையின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு சிறிய தீக்காயமும் இரத்தக் கசிவும் இருந்தன. அளந்தபோது இடக்கண் பார்வை 6/60 என்றிருந்தது, அதாவது நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும். மருத்துவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "என்ன அலைநீளம், எத்தனை வாட்?" என்பது. அடுத்ததாக, "போட்டிருந்த கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். இந்தக் காயத்துக்கு உறுதியான மருந்து என்று எதுவும் இல்லை, கசிவு வற்றினால் ஓரளவு தெளியும், தழும்பு நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அம்மாவுக்குக் கேட்காதபடி அழுதேன்.

யாருக்காவது இப்படி நேர்ந்தால், வலியில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணைக் கசக்காமல், சொட்டு மருந்து தேடாமல், அன்றைக்கே விழித்திரை மருத்துவம் உள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அணிந்திருந்த கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்தால், கோடு வளைகிறதா, கட்டம் மறைகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். பிறகு எனக்கு மருத்துவமனையில் கொடுத்த தாளும் ஏறக்குறைய அதே கட்டம்தான்.

கடை இருபத்து மூன்று நாட்கள் மூடியிருந்தது. அந்த நாட்களில்தான் நான் முதலிலேயே படித்திருக்க வேண்டியதை எல்லாம் படித்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் தோழி, இரண்டு கண்ணாடிகளையும் குறைந்த ஆற்றலுள்ள 1064 நானோமீட்டர் ஒளியில் வைத்து, பின்னால் ஓர் ஒளிமானியை வைத்து அளந்து காட்டினாள். தெளிவான கண்ணாடி, விழுந்த ஒளியில் பத்தில் ஒன்பது பங்கை அப்படியே உள்ளே விட்டது. அதாவது ஜன்னல் கண்ணாடியை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். பச்சைக் கண்ணாடி நூற்றில் ஒரு பங்கை விட்டது. ஓ.டி. என்பது பத்தின் அடுக்கில் ஏறும் கணக்கு: ஓ.டி. 2 என்றால் நூற்றில் ஒன்று கடக்கும், ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று, ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. நான்கு என்று எழுதிய கண்ணாடி இரண்டாக இருந்தால் அது பாதித் தரம் அல்ல. நூறு மடங்கு மோசம்.

இன்னொன்றையும் தோழிதான் விளக்கினாள். 20 வாட் என்பது சராசரி மட்டுமே. என் இயந்திரம் விநாடிக்கு 20,000 துடிப்புகளாக ஒளியை விடுகிறது. ஒரு துடிப்பு ஒரு விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் என்பதால், அந்த நேரத்தில் அதன் திறன் பத்து கிலோவாட்டை எட்டும். அதனால்தான் ஐரோப்பியத் தரமான இ.என். 207இன்படி சோதித்த கண்ணாடியில் அலைநீளத்துடன் டி, ஐ, ஆர், எம் என்று எழுத்துகளும் இருக்கும். டி தொடர் ஒளிக்கு, ஐ நீண்ட துடிப்புக்கு, ஆர் என் இயந்திரம் விடுவது போன்ற மிகக் குறுகிய துடிப்புக்கு, எம் அதனினும் குறுகிய துடிப்புக்கு. அவற்றின் பின்னால் எல்.பி. என்ற எழுத்துகளுடன் ஓர் எண் வரும். அந்த எண், ஒளியை எத்தனை அடுக்குக் குறைக்கிறது என்பதோடு, நேரடியாக அடிபட்டால் சில விநாடிகளாவது உருகாமல் தாங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அமெரிக்க முறையில் அலைநீளமும் ஓ.டி.யும் மட்டும் குறித்தால் போதும். இரண்டு முறைகளில் எதுவானாலும், குறிப்பு வில்லையிலோ சட்டகத்திலோ பதிக்கப்பட்டிருக்க வேண்டும்; உரித்தால் வந்துவிடும் தாளில் இருந்தால் அதை வாங்காதீர்கள். இ.என். 208 என்று இன்னொரு வகையும் விற்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் லேசரை ஒழுங்குபடுத்தும்போது அணிவதற்கானது. ஃபைபர் லேசருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது என்னிடம் 1064 என்றும், ஆர் என்ற எழுத்துடனும், ஓ.டி. 7 என்றும் சட்டகத்தில் பதித்த இரண்டு கண்ணாடிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து 27,000 ரூபாய். விலையைக் கேட்டு முதலில் மலைத்தேன். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அலைநீளம், வாட், துடிப்பின் நீளம், துடிப்பு எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, இதற்கு இந்தக் கண்ணாடி போதும் என்று எழுத்தில் பதில் வாங்கினேன். முன்பு நான் பேசிய இரண்டு வியாபாரிகள் அப்படி எழுதிக் கொடுக்க மறுத்தார்கள். அந்த மறுப்பே எனக்குப் போதுமான விடையாக இருந்தது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள் என்பதால் அதன் மேல் அமரும் வடிவத்தையும், பக்கவாட்டில் இடைவெளி இல்லாததையும் பார்த்து எடுத்தேன். துடைப்பதற்குத் தின்னர் கூடவே கூடாது. வில்லையில் கீறலோ வெடிப்போ நிறமாற்றமோ கண்டால், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

ஆனால் உண்மையில் நான் முதலில் செலவழித்திருக்க வேண்டியது கண்ணாடிக்கு அல்ல, பெட்டிக்கு. லேசர் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60825-1 என்னும் பன்னாட்டுத் தரம், தொடர்ந்து அரை வாட்டுக்கு மேல் ஒளி விடுபவற்றை மிக ஆபத்தான நான்காம் வகுப்பு என்கிறது. என்னுடையது அதைப் போல நாற்பது மடங்கு. நான்காம் வகுப்புக் கருவியில் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு, ஒளி வெளிவருவதைக் காட்டும் விளக்கு, ஒளியைத் தடுத்து நிறுத்தும் அடைப்பு, வெளிக்கதவுடன் இணைக்கக்கூடிய தொடர்பு, தடைபட்டு நின்றால் கையால் அழுத்தினால் மட்டுமே மீண்டும் இயங்கும் ஏற்பாடு ஆகியவை இருக்க வேண்டும். என் இயந்திரத்தில் சாவி மட்டும் இருந்தது, அதுவும் எப்போதும் செருகியபடியே கிடந்தது. அதே இயந்திரத்தை முழுவதும் உலோகத் தகட்டால் மூடி, கதவைத் திறந்த நொடியில் ஒளி அணைந்துவிடும்படி முறையாக அமைத்தால், வெளியே நிற்பவருக்கு அது மிகப் பாதுகாப்பான முதல் வகுப்பாகவே ஆகிவிட முடியும், கண்ணாடியே தேவைப்படாது. 38,000 ரூபாயில் அப்படி ஒரு பெட்டி செய்தேன். ஜன்னலுக்குப் பழைய இயந்திரத்தின் அக்ரிலிக்கை வெட்டிப் போட்டுவிடலாம் என்று தச்சர் சொன்னார். நல்ல வேளையாக அதற்குள் எனக்கு விவரம் தெரிந்திருந்தது. அது என் தெளிவான கண்ணாடியைப் பெரிதாக்கிச் சுவரில் பதிப்பதற்குச் சமம். ஜன்னலே வைக்காமல், உள்ளே ஒரு சிறிய கேமராவும் வெளியே ஒரு திரையும் வைத்தேன். முதல் கேமரா இரண்டாம் வாரத்தில் செத்துப்போனது. சென்சாரில் ஒளி பட்டிருக்க வேண்டும். 1,400 ரூபாய் நட்டம்தான், ஆனால் அது என் கண் இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றை வேறு கோணத்தில் மாட்டினேன்.

கதவு சுவிட்சைப் பற்றியும் ஒரு வாக்குமூலம் உண்டு. பழைய இயந்திரத்தில் நீளமான பலகை வெட்டும்போது மூடி மூடாது என்பதால், அதன் சுவிட்சின் மேல் ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்றி வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் அந்தக் காந்தம் அங்கேயே இருந்தது. புதிய பெட்டியில், காந்தத்தால் ஏமாறாத பாதுகாப்பு வகைச் சுவிட்சுகள் இரண்டை வரிசையில் போடச் செய்தேன். ஏனென்றால் அவசரத்தில் நானே மீண்டும் காந்தத்தைத் தேடுவேன் என்பதை நான் அறிவேன்.

பாத்திரக் கடை ஒன்றில் லேசர் வைப்பது எவ்வளவு ஆபத்தான யோசனை என்பதும் பிறகுதான் உறைத்தது. நான்கு சுவரிலும் பளபளக்கும் குடம், தட்டு, டிபன் கேரியர். அத்தனையும் கண்ணாடி போன்ற முகங்கள். குடத்தின் வெளிப்புறம் ஒளியைச் சிதறடிக்கும். தட்டின் உள்வளைவு அதைக் குவிக்கவும் கூடும். வாடிக்கையாளர் எட்டிப் பார்ப்பார், தேநீர் கொண்டுவரும் பையன் நிற்பான், அண்ணன் மகன் பள்ளி விட்டு வந்து மேசைக்கு அருகில் உட்காருவான். அவன் கண்மட்டமும் தாம்பாளத்தின் விளிம்பும் ஏறக்குறைய ஒரே உயரம். அன்று இரவு ஒன்பதரை மணிக்கு அவன் அங்கே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவத்துக்கு 14,600, திருச்சிக்குப் போய்வந்ததற்கு 6,400, முகூர்த்த நேரத்தில் கைவிட்டுப் போன வேலைகளின் கூலி 62,000. ஆக 83,000 ரூபாய். பெட்டிக்கும் கண்ணாடிக்கும் கொடுத்தது 65,000. ஐந்து மாதங்களுக்குப் பிறகு இடக்கண் பார்வை 6/18க்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. படிக்கலாம், நடக்கலாம், வண்டியும் ஓட்டுகிறேன். ஆனால் வலக்கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைப் பார்த்தால், எந்த எழுத்தின் மேல் புள்ளியைத் தேடுகிறேனோ அந்தப் புள்ளி மட்டும் இருக்காது.

எங்கள் கடைக்கு நான்கு கடை தள்ளி, கேட்டும் கைப்பிடியும் செய்யும் பட்டறைத் தம்பி சென்ற மாதம் கையில் பிடித்து வெல்டிங் செய்யும் ஃபைபர் லேசர் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1,500 வாட். தெருவைப் பார்த்தபடி திறந்த வாசலில் வைத்து வேலை செய்கிறார். முகத்தில் சாதாரண வெல்டிங் முகமூடி. "அக்கா, இது கறுப்புக் கண்ணாடி, சூரியனையே பார்க்கலாம்" என்றார். என் இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துப் போய் சட்டகத்தில் பதித்திருப்பதைக் காட்டி, அவருடைய முகமூடியில் அலைநீளம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், இல்லை. விலையைக் கேட்டார், சொன்னேன். தீபாவளி முடியட்டும் என்றார். அதுவரை பட்டறை வாசலுக்கு மட்டுமாவது ஒரு தகர மறைப்பு போடச் சொல்லியிருக்கிறேன்; நேற்று அளவெடுத்துக்கொண்டிருந்தார்.